பேய், பாம்பு, அமானுஷ்யத் தொடர்கள் எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தவைதானா?

இந்தியிலிருந்து தமிழில் குரல் மாற்றி வந்த ‘நாகினி’, தாய்லாந்தின் ‘நாகீ’, கொரியாவின் ‘கோப்ளின்’, அமெரிக்காவின் ‘சூப்பர்நேச்சுரல்’ ஆகிய நான்கையும் அடுக்கிவிட்டு, “எல்லாமே காப்பிதானே, இதில் தமிழுக்கென்று சொந்தச் சரக்கு உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இவற்றையெல்லாம் கைபேசியில் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தவராக இருக்க வேண்டும். அப்படிப் பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே முகமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நான் ரங்கூனில் விசிடி வாடகைக் கடை வைத்திருந்தவன். கைபேசி இணையம் மலிவானதும் கடையை மூடினேன். கல்லாவுக்கு எதிரே நின்று “இது அதன் காப்பி, இதற்கா வாடகை வாங்கினீர்கள்?” என்று சண்டை பிடித்தவர்களுக்கு அன்று பொறுமையாகச் சொல்ல முடியாததை இங்கே சொல்லிக்கொள்கிறேன். நான் ஆய்வாளன் அல்லன். ஆனால் இந்த வகைத் தொடர்களை இந்தி, தமிழ், கொரியம், தாய் என்று மொழி பாராமல் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

என் அளவுகோல் ஒன்றுதான். கதையின் கரு ஒன்றாக இருப்பதை வைத்துக் களவைக் கண்டுபிடிக்க முடியாது. கதைக்குத் தேவையே இல்லாத ஒரு சின்ன விவரம் இரண்டு தொடர்களிலும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பாம்புப் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அருச்சுனன் நாககன்னி உலூபியை மணந்தான். மணிமேகலையில் நாக நாட்டு அரசன் வளைவணனின் மகள் பீலிவளை புகாரின் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு கூடிவிட்டு மறைகிறாள். அவளுக்குப் பிறந்த மகன் கடலில் காணாமல் போக, அந்தத் துயரத்தில் அரசன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. (நாகர் என்பது பாம்பல்ல, ஓர் இனம் என்று புலவர்கள் திருத்த வருவார்கள். அறிவேன், கதை கேட்கிறவர்கள் அந்தப் பேதம் பார்ப்பதில்லை.) கம்போடியாவின் அரச மரபுக் கதை, கௌண்டின்யன் என்ற பிராமணன் நாக இளவரசியை மணந்ததிலிருந்து தொடங்குகிறது. நான் வாழும் இந்த பர்மாவிலும், பழங்கதை அரசனான பியூசோதி, நாக இளவரசி இட்ட முட்டையிலிருந்து பிறந்தவன் என்றுதான் சொல்வார்கள். வங்காள விரிகுடாவின் இரு கரையிலும் இத்தனை காலமாகப் புழங்கிய கருவுக்கு 2015இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் உரிமை கொண்டாட முடியாது. ஆகையால், 2016இல் வந்த ‘நாகீ’, முந்தைய ஆண்டில் தொடங்கிய ‘நாகினி’யின் நகல் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ‘நாகீ’ ஒரு தாய் நாவலைத் தழுவியது. தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஈசான் வட்டாரக் கிராமத்தையும் மீகாங் ஆற்று நாகத்தின் மீது அந்த மக்கள் கொண்ட நம்பிக்கையையும் விட்டால் அந்தக் கதை நிற்காது.

ஆனால் ‘நாகினி’ யாரிடம் கடன் பட்டது என்பது வெளிப்படை. 1976இல் இந்தியில் ‘நாகின்’ படம் வந்தது; 1979இல் அதுவே தமிழில் ‘நீயா’ ஆயிற்று; 1986இல் ஸ்ரீதேவி நடித்த ‘நகினா’ வந்தது. ஏக்தா கபூர் தயாரித்த ‘நாகினி’யும், அது தமிழில் ஓடிய சூட்டில் 2017இல் சன் தொலைக்காட்சியில் வந்த ‘நந்தினி’யும் இந்தப் பரம்பரையில் பிறந்தவை. இங்கே என் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பழிவாங்கும் பாம்பு என்பது கரு. கோபம் வந்ததும் கண்ணின் நிறம் மாறுவது கருவல்ல. அது ‘நகினா’வில் ஸ்ரீதேவி அணிந்த வண்ண லென்சின் பேரப்பிள்ளை. அந்தக் கண்ணோடு மகுடிக்காரனின் எதிரே ஆடும் ஆட்டமும் அங்கிருந்து வந்ததுதான். இந்தியிலிருந்து குரல் மாற்றி வந்த ஒன்றைக் காட்டி “தமிழ்த் தொடர்கள் எல்லாம் காப்பி” என்று நீங்கள் தீர்ப்பு எழுதியதுதான் என்னை எழுத உட்கார வைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொரியர்களிடம் இந்தக் கணக்கு இன்னும் சுவையானது. ‘கோப்ளின்’ தொடரில் எமதூதர் கறுப்புக் கோட்டும் அகன்ற கறுப்புத் தொப்பியும் அணிந்து வருகிறார் அல்லவா? அந்தக் கறுப்பு ஏதோ தொல்பழங்கால மரபு என்று நினைப்போம். பழைய கொரியப் பௌத்த ஓவியங்களில் அந்தத் தூதர்கள் வண்ணவண்ண உடையில், படைவீரர் கோலத்தில் நிற்கிறார்கள். வெளுத்த முகம், கறுத்த அங்கி, கறுத்த தொப்பி என்ற உருவத்தைப் பரப்பியது, 1977இல் கொரியத் தொலைக்காட்சியான கே.பி.எஸ். நிறுவனம் தொடங்கிய, ஊர்ப்புறப் பழங்கதைகளை நாடகமாக்கிய ஒரு தொடர். அதன் தயாரிப்பாளர் வகுத்த உடை அது. பிறகு வந்தவர்கள் அங்கியைக் கோட்டாக்கினார்கள், தொப்பியை மேனாட்டுத் தொப்பியாக்கினார்கள், கறுப்பை மட்டும் விடவில்லை. இதுவும் தொடரைப் பார்த்துத் தொடர் எடுத்ததுதான். ஆனால் இதைக் களவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அவர்களுடைய மக்களுக்கே எமதூதர் என்றால் இப்போது அந்த உருவம்தான். (நம் எமகிங்கரர்கள் இன்னமும் நாடக மேடைக் கிரீடத்தையும் கதாயுதத்தையும் கழற்றாமல் சிரிப்புக் காட்சிக்கு மட்டும் வந்து போவது என் நெடுநாள் வருத்தம்.) ‘கோப்ளின்’ எமதூதராக வந்த லீ டோங்-வூக் 2020இல் வேறொரு தொடரில் ஒன்பது வால் நரியாக வந்ததைக் கதைத் திருட்டு என்று யாரும் எழுத வேண்டாம். அது நடிகரைத் தேர்ந்தெடுத்தவர்களின் சாமர்த்தியம்.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு வைப்பதில்லை. பேய்ச் செய்தி தேடி அலையும் நிருபர் கோல்சாக்கின் கதை 1974இல் தொடராக வந்தது. 1993இல் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ எடுத்த கிறிஸ் கார்ட்டர் அதுவே தமக்குத் தூண்டுதல் என்று சொன்னதோடு நிற்காமல், கோல்சாக்காக நடித்த டேரன் மெக்கேவினை அழைத்து வந்து தம் தொடரிலும் நடிக்க வைத்தார். 2005இல் தொடங்கிய ‘சூப்பர்நேச்சுரல்’ தொடருக்கு ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரிலிருந்து இயக்குநர் கிம் மேனர்ஸ், எழுத்தாளர் ஜான் ஷிபன் போன்றவர்களே வந்து சேர்ந்தார்கள். ஆட்களே இடம் மாறியிருக்கும்போது சாயல் இருக்கத்தானே செய்யும்?

இனி நீங்கள் கேட்ட சொந்தச் சரக்கு. 1990களின் பிற்பாதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடர்களை நீங்கள் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். அவற்றில் ‘விடாது கருப்பு’ பகுதியின் வட்டுகள் என் கடையில் ஓயாமல் கைமாறின. ஒருநாள் மாலை அதைக் கடைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டிருந்தேன். வாசலில் மொய்ங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் பர்மிய அம்மாள், தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர், அகப்பையைக் கையில் பிடித்தபடியே வந்து நின்று பார்த்தார். திரையில் கருப்பசாமியின் அரிவாளும் குதிரையும் தெரிந்தன. யார் இவர், என்ன கதை என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “இவர் எப்படிச் செத்தார்?” என்று மட்டும் கேட்டார்.

அதைவிடச் சரியான கேள்வியை எந்த விமரிசகரும் கேட்டதில்லை. பர்மியர் வணங்கும் நாட் தெய்வங்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ அகாலமாகவோ மாண்டவர்கள். பர்மிய வீடுகளில் சிவப்புத் துணி சுற்றித் தொங்கவிடும் தேங்காய், பழைய பர்மிய நாடான தகவுங்கின் அரசன் உயிரோடு எரித்த கொல்லனாகிய மின் மகாகிரிக்கு உரியது. தீக்காயத்துக்கு இளநீர் குளிர்ச்சி என்பார்கள். நம் மதுரை வீரனும் காத்தவராயனும் எப்படிச் செத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நிறைவேறாத சாவு தெய்வமாகும் என்ற நம்பிக்கை இரு நாட்டிலும் இருப்பதால்தான் மொழி தெரியாமலேயே அந்த அம்மாளுக்குத் தொடர் புரிந்தது. “நம்புகிறவர் ஒருவர், சந்தேகிக்கிறவர் ஒருவர் என்றாலே அது ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ காப்பி” என்று ‘மர்மதேசம்’ பற்றி என்னிடம் வாதாடிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது மட்டும் கடைசிவரை விளங்கவில்லை.

வருத்தம் என்னவென்றால், இப்படிச் செத்துத் தெய்வமானவர்களின் கதைக் களஞ்சியத்தின் வாசலோடு திரும்பி, நம்மவர்கள் மறுபடி பாம்பையே பிடித்துக்கொண்டார்கள். இந்திரா சௌந்தர்ராஜனும் 2024இல் காலமாகிவிட்டார். பாம்பின் கணினி வரைகலைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை, பேயாக வந்து பழிவாங்கிய பழையனூர் நீலிக்குக் கொடுக்கலாம். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொன்றவனையே கணவன் என்று வேளாளர் எழுபது பேர் முன்னால் வாதாடி வெல்கிறாளே, அந்தக் காட்சிக்கு வரைகலையும் வேண்டாம், வண்ண லென்சும் வேண்டாம். நடிக்கத் தெரிந்த ஒரு பெண் போதும்.