கடலூரில் மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீட்டை 40 லட்சத்துக்கு வாங்கி, கீழே குடியிருந்து மாடியை வாடகைக்கு விட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

கட்டாது. ஆனாலும் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். செம்மண்டலம் பக்கம் நாங்கள் இப்படித்தான் இருக்கிறோம்.

30 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய். எங்கள் மாடிக்கு வருவது 8,000. முன்பு நாங்கள் கொடுத்துவந்த வாடகையும் ஏறக்குறைய அவ்வளவுதான், அது மிச்சம். ஆக 10,000 கைக்காசு. மாடி காலியாக இருக்கும் மாதம் 18,000. அந்தப் பதினெட்டைச் சம்பளத்தில் தாங்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் தைரியமாக இறங்கலாம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என்று 40 லட்சத்துக்கு 3,60,000 ஆகும். அதையும் கடனில் சேர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், கையில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் விலையைவிட முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீர். ஊருக்குள் கெடிலம், வடக்கே பெண்ணையாறு, கிழக்கே கடல். 2015 மழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்தபோதும் அந்தத் தெருவில் எதுவரை நின்றது என்று கேளுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள், சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார். கீழே குடியிருக்கப் போவது நீங்கள். தெருவைவிடத் தரைமட்டம் தாழ்ந்த வீடு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரம் என்றால் மாடிக்கு ஏறி, கூரையின் அடிப்பக்கத்தையும் சன்ஷேடையும் பாருங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தால் அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில்தான்.

அடுத்து மாடி. கீழ்த்தளத்துக்கு மட்டும் பிளான் அப்ரூவல் வாங்கிவிட்டு, பிறகு மாடியை இஷ்டத்துக்கு எழுப்பிய வீடுகள் நிறைய. அப்படியானால் வங்கி மாடியை மதிப்பில் சேர்க்கத் தயங்கும், கடன் குறையும். நீங்கள் வாடகை எதிர்பார்ப்பதே அந்த மாடியிலிருந்துதானே! அப்ரூவல், சொத்து வரி ரசீது இரண்டிலும் மாடி இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாருங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வழக்கம்போல வக்கீல் பார்க்கட்டும்.

மாடிப்படி வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உள்ளே படி உள்ள வீட்டில், இரவு ஷிப்ட் முடிந்து சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வருகிறவர் உங்கள் கூடத்தைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் தூக்கம் போச்சு. மின் மீட்டரும் தனித்தனியாக இருக்கட்டும். மோட்டார் பொதுவாக இருந்தால் அதன் கரண்ட் செலவு யாருடையது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது சில்லறைக் காசில்தான் மனஸ்தாபம் தொடங்குகிறது.

தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பதும் அதில் உண்டு. பத்து மாதம் கேட்பது ஊர் வழக்கம் என்று பக்கத்தில் சொல்வார்கள். நீங்கள் மூன்றே வாங்குங்கள். அதைச் செலவழிக்காமல் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள், அவர்கள் காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அது.