கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் வயற்கூலிப் பெண்ணுக்கும் ஒரே பாதுகாப்பா?

வன்னியில் வேலை செய்யும் பெண்களுக்கு இலங்கைச் சட்டம் தரும் மகப்பேற்றுப் பாதுகாப்பு சர்வதேச நியமங்களுக்கு நிகரானதா என்று கேட்டிருந்தீர்கள். கால அளவில் குறைவு. அதைவிடப் பெரிய குறை, பணத்தை யார் கொடுப்பது என்பதில் உள்ளது.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 12 வார விடுப்பை வழங்குகிறது. மூன்றாவது பிள்ளை முதல் விடுப்பைக் குறைத்த பாகுபாடு 2018இல் நீக்கப்பட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ILO) சமவாயங்களில், அதாவது நாடுகள் ஏற்கும் உடன்படிக்கைகளில், இலங்கை 1993இல் ஏற்ற 103ஆம் இலக்கச் சமவாயமும் 12 வாரங்களையே கோருகிறது. ஆனால் இலங்கை இன்னும் ஏற்காத, 2000ஆம் ஆண்டின் 183ஆம் இலக்கச் சமவாயம் 14 வாரங்களைக் கோருவதோடு, கொடுப்பனவு சமூகக் காப்புறுதியிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வரவேண்டும் என்பதைப் பொது விதியாக்குகிறது. இலங்கையிலோ முழுச் சுமையும் தொழில் கொள்வோர் மீதே விழுகிறது; ஆகவே இளம் பெண்களை வேலைக்கு எடுக்கவே சிலர் தயங்குவது வியப்பன்று.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தொழிற்சாலையில் நிரந்தரமாக வேலை செய்யும் பெண்ணால் இவ்வுரிமையைக் கேட்டுப் பெற முடியும். முல்லைத்தீவில் இன்று ஒருவர் வயலிலும் நாளை வேறொருவர் வயலிலும் நாட்கூலிக்குக் களை பிடுங்கும் பெண், குடும்பத்தை அவரே தனித்துத் தாங்கினாலும், யாரிடம் போய்க் கேட்பார்? பொது நிதி என்ற ஏற்பாடு உண்மையில் தேவைப்படுவது அவருக்குத்தான்.

ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி (EPF) வேறு விடயம்: தற்காலிக ஊழியருக்கும் தொழில் கொள்வோர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்தவேண்டும். செலுத்தாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.