மது இல்லாத ஆபீஸ் ஆண்டிறுதி விருந்தைக் கலகலப்பாக நடத்துவது எப்படி?

நீங்கள் கேட்டது இது: இந்த டிசம்பரில் உங்கள் ஆபீஸ் விருந்தில் மது வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, ஏற்பாடு உங்கள் தலையில், மூன்று மணி நேரம் யாருக்கும் சலிக்காமல் என்ன செய்வது?

நான் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபார ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வீடு கம்பத்தில். தினமும் மலை ஏறி இறங்குகிற பிழைப்பு. எங்கள் இடத்தில் மொத்தம் முப்பத்தைந்து பேர். ஏலக்காய் பொறுக்கும் அக்காக்கள், கொடவுன் ஆட்கள், டிரைவர்கள், ஏலத்துக்குப் போய் வருபவர்கள், கணக்கில் நாங்கள் நான்கு பேர். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். நான்கு வருடமாக மது இல்லாத கிறிஸ்துமஸ் விருந்தை நானும் ஒரு சேச்சியும் சேர்ந்து நடத்துகிறோம். அதில் கண்டதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய சம்பவம். இதற்கு முன் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் விருந்து என்றால் இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்கும். பெண்கள் ஆறரைக்கே பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஒரு வருடம் எங்களை இறக்கிவிட வந்த டிரைவர் அண்ணன் முன்கூட்டியே குடித்திருந்தார். குமுளிக்குக் கீழே லோயர் கேம்ப் இறக்கத்தில் ஒரு வளைவில் வண்டி தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் வண்டிக்குள் இருந்த ஆறு பேரும் வீடு சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த விருந்தில் மது இருந்தது, எங்களுக்கு இடம் இல்லை. அதனால்தான் "மதுவுக்குப் பதிலாக என்ன வைக்கலாம்" என்று நான் யோசிப்பதே கிடையாது. இதுவரை விருந்தில் யாருக்கு இடம் இல்லாமல் இருந்தது, அவர்கள் எதில் கெட்டிக்காரர்கள் என்று பாருங்கள். எங்கள் விளையாட்டுகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன.

முதலில் நேரம். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்துவிடுங்கள். டிசம்பரில் குமுளியில் ஐந்து மணிக்கே பனி இறங்க ஆரம்பித்துவிடும், கம்பம், கூடலூர் ஆட்கள் இருட்டுக்கு முன் இறங்க வேண்டும். பகலில் வைத்தால் "கொஞ்சம் போட்டுவிட்டு வருகிறேன்" என்பவர்களும் குறைவு. எங்கள் முதல் வருடத்தில் ஒருவர், ஜனவரி 1-இல் வைக்கலாம், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கேரளத்தில் மதுக்கடை மூடியிருக்குமே என்று யோசனை சொன்னார். எல்லையில் இருப்பவர்களுக்கு அது எடுபடாது. மலை இறங்கினால் டாஸ்மாக் திறந்திருக்கும். தேதியை விட நேரம்தான் முக்கியம். ஏலக்காய் ஏலம் நடக்கிற நாளையும் தவிர்ப்போம், அன்றைக்குப் பாதிப் பேர் புற்றடியிலோ போடியிலோ இருப்பார்கள்.

முதல் அரை மணி நேரத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். ஆட்கள் வருவார்கள், சுவரோரம் நிற்பார்கள், போனைப் பார்ப்பார்கள். மது இருக்கிற விருந்தில் கையில் ஒரு கிளாஸ் இருப்பதால் அந்த நேரம் கழிந்துவிடுகிறது. அதனால் வந்தவுடன் கைக்கு வேலை கொடுங்கள். நாங்கள் வாசலிலேயே குலுக்கி சர்பத் மேஜை போடுகிறோம். எலுமிச்சை, ஊறவைத்த சப்ஜா விதை, கீறின பச்சை மிளகாய், சர்க்கரைப் பாகு, ஐஸ் எல்லாம் தனித்தனியாக இருக்கும். இரண்டு டம்ளரைக் கவிழ்த்து மூடிக் குலுக்க வேண்டும், ஆனால் அவரவர் சர்பத்தை அவரவரே குலுக்கக் கூடாது. எதிரில் நிற்பவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர். அவ்வளவுதான் விதி. பத்து நிமிடத்தில் யாரோ ஒருவர் சட்டையில் சர்பத் கொட்டியிருக்கும், பேச்சு தானாகக் கிளம்பியிருக்கும்.

குளிர் ஊர் என்பதால் சூடாகவும் ஒன்று வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அது வீட்டுச் சாமான் மாதிரி. ஐந்து கிலோ பழத்தை உதிர்த்து, கழுவி, மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டு, ஒரு விரல் நீளப் பட்டை நான்கு, பத்து கிராம்பு, தட்டின ஏலக்காய் பதினைந்து, ஒரு துண்டு இஞ்சி போட்டு இளந்தீயில் வைப்போம். தோல் வெடித்து நிறம் இறங்கினதும் மத்தால் லேசாக மசித்து வடிகட்ட வேண்டும். மிக்ஸியில் போடாதீர்கள், விதை உடைந்தால் கசக்கும். இனிப்பு பார்த்து நாட்டுச் சர்க்கரை. முப்பத்தைந்து பேருக்கு அரை டம்ளர் வீதம் தாராளமாக வரும்.

இதை எதில் ஊற்றிக் கொடுப்பது என்பதும் முக்கியம். முதல் வருடம் அழகாக இருக்கட்டும் என்று வைன் கிளாஸ் வாடகைக்கு எடுத்தோம். குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்த ஒரு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் கிளாஸையும் நிறத்தையும் பார்த்தாலே கை தேடுதும்மா" என்றார். அன்றிலிருந்து எவர்சில்வர் டம்ளர்தான். "சியர்ஸ்" கிடையாது, மது பேர் வைத்த பானம் கிடையாது, மேடையில் நின்று "நாம் குடிக்காமல் கொண்டாடுகிறோம்" என்று அறிவிப்பதும் கிடையாது. அப்படி அறிவித்தால் அவரைப் போன்றவர்களை எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேரளப் பக்கம் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை வைனைப் பாசத்தோடு பாட்டிலில் கொண்டுவருவார்கள். "இது சும்மா ஜூஸ்தான்" என்பார்கள். ஈஸ்ட் போட்டு வாரக்கணக்கில் புளித்தது ஜூஸ் இல்லை, அதிலும் மது உண்டு. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைன் போடக் கூடாது என்று கேரள எக்சைஸ் துறையே கிறிஸ்துமஸ் சமயத்தில் எச்சரித்திருக்கிறது. பிளம் கேக்கும் அப்படித்தான், பழங்களை மாதக்கணக்கில் ரம்மில் ஊறவைக்கும் வழக்கம் உண்டு. கேரளத்தின் முதல் கிறிஸ்துமஸ் கேக் 1883-இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு செய்தது என்பார்கள், அதில் உள்ளூர்ச் சாராயம் சேர்ந்ததாகத்தான் கதை. எங்கள் சேச்சி ஆரஞ்சுச் சாற்றில் ஒரு நாள் முழுக்கப் பழத்தை ஊறவைத்துக் கேக் செய்கிறார். ருசியில் ஒரு குறையும் இல்லை. பேக்கரியில் வாங்குவதாக இருந்தால் ரம் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது விளையாட்டு. இணையத்தில் கிடைக்கிற ஆபீஸ் விளையாட்டுகளில் வாய் சாமர்த்தியம் உள்ளவர்களும் மேனேஜர்களும்தான் ஜெயிப்பார்கள். அதனால் நாங்கள் எங்கள் தொழிலையே விளையாட்டாக்கிக்கொண்டோம்.

ஒன்று, மோப்பம். பத்துச் சின்ன டப்பாக்கள், வாயில் மெல்லிய துணி கட்டியிருக்கும். உள்ளே கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, பட்டை, வால்மிளகு, சுக்கு, போன வருட ஏலக்காய், இந்த வருட ஏலக்காய் முதலியவை. கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். கணக்கில் இருக்கும் நாங்கள் நான்கைத் தாண்டவில்லை. காய் பொறுக்கும் அக்கா ஒருவர் பத்தையும் சொன்னதோடு, ஏழாவது டப்பாவை மறுபடி வாங்கி முகர்ந்து, "இது ஸ்டோர்ல சூடு கூடிப்போன காய்" என்றார். ஸ்டோர் என்றால் எங்களுக்குக் காய் உலர்த்தும் இடம். முதலாளி எழுந்து போய் அந்தச் சரக்கின் சீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா சொன்னது சரி. அந்த அக்கா பதிமூன்று வருடமாக அங்கே வேலை பார்க்கிறார். ஆபீஸ் முழுக்க அவருக்குக் கை தட்டி அன்றுதான் நான் பார்த்தேன்.

அடுத்தது லிட்டர் எடை. ஏலக்காயை மில்லிமீட்டரில் சலித்துப் பிரிப்பது மட்டும் போதாது, ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதும் தரம். அக்மார்க் கணக்கில் 7 மி.மீ. எக்ஸ்ட்ரா போல்டு குறைந்தது 435 கிராம், 6 மி.மீ. போல்டு 415, 5 மி.மீ. சுபீரியர் 385. மூன்று கூடையில் காயை வைத்து, கையால் அள்ளிப் பார்த்து லிட்டர் எடையைச் சொல்ல வேண்டும். பிறகு எல்லார் முன்னாலும் எடை போடுவோம். கொடவுன் அண்ணன் ஒருவர் இரண்டு கிராம் வித்தியாசத்தில் சொன்னபோது கூடாரமே அதிர்ந்தது.

உங்கள் ஆபீஸ் என்ன தொழில் என்று நீங்கள் எழுதவில்லை. ஜவுளி என்றால் கண்ணைக் கட்டித் துணியைத் தடவிச் சொல்லச் சொல்லுங்கள். லாரி ஆபீஸ் என்றால் ஹாரன் சத்தத்தைப் பதிவுசெய்து எந்த வண்டி என்று கேளுங்கள். சாஃப்ட்வேர் என்றாலும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த விஷயங்கள் இருக்கும். மூன்றாவது மாடி ஜன்னல்கள் எத்தனை, யார் மேஜையில் என்ன செடி இருக்கிறது என்று அவர்கள் கேள்வி கேட்கட்டும், மற்றவர்கள் பதில் சொல்லட்டும். அணி பிரிக்கும்போது மட்டும் ஒரே பிரிவு ஆட்களை ஒரே அணியில் போடாதீர்கள்.

இரண்டு மொழி இருக்கிற ஆபீஸ் என்றால் அது பெரிய கொடை. ஒரே சொல், இரண்டு பொருள் என்று ஒரு ஊமை நடிப்பு வைத்திருக்கிறோம். வெள்ளம் என்றால் நமக்கு ஆறு கரை புரள்வது, மலையாளிக்குக் குடிக்கிற தண்ணீர். பனி நமக்குக் குளிர், அவர்களுக்குக் காய்ச்சல். அவசரம் நமக்கு ஓட்டம், அவர்களுக்கு வாய்ப்பு. பட்டி நமக்கு ஊர், அவர்களுக்கு நாய். சீட்டில் ஒரு சொல் இருக்கும், தமிழர் மலையாளப் பொருளை நடிக்க வேண்டும், மலையாளி தமிழ்ப் பொருளை. இதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சொல்லைக் காதில் சொல்லிவிடலாம். முக்கால் மணி நேரம் போவதே தெரியாது.

பாட்டுக்குப் பாட்டையும் கொஞ்சம் மாற்றினோம். கடைசி எழுத்தில் பிடித்துப் பாடினால் இரண்டு மொழியில் சண்டை வரும். அதனால் பாடகர் பெயரைச் சொல்வோம். யேசுதாஸ், ஜானகி, ஜெயச்சந்திரன், சித்ரா. அணி அவர்கள் பாடியதில் ஒரு தமிழ்ப் பாட்டும் ஒரு மலையாளப் பாட்டும் பாட வேண்டும். அப்போது அடுத்தவர் மொழி ஆளின் துணை இல்லாமல் யாராலும் ஜெயிக்க முடியாது.

கேரளத்தில் கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் என்று ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். பத்து நாள் முன்னால் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பெயர் எடுத்து, யார் என்று சொல்லாமல் சின்னச் சின்னதாக ஏதாவது செய்து, விருந்தன்று பரிசோடு வெளிப்படுவது. விருந்துக்கு முன்னாலேயே ஆபீஸைச் சூடுபிடிக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் இதில் நாங்கள் தவறு செய்தோம். பரிசுக்கு 200 ரூபாய் என்று வைத்தோம், தினமும் ஒரு கடிதம் எழுதச் சொன்னோம். தினக்கூலியில் இருக்கும் அக்காக்களுக்கு 200 ரூபாய் சும்மா தூக்கிக் கொடுக்கிற பணம் இல்லை. இரண்டு பேருக்கு எழுத வராது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மூன்று நாள் லீவு போட்டார்கள். அடுத்த வருடம் பணத்தை 50-ஆக்கி, கையால் செய்ததும் சரி என்றோம். கடிதத்தை எடுத்துவிட்டு, மேஜையில் கடலை மிட்டாய் வைப்பது, மறந்துபோன குடையை எடுத்து வைப்பது மாதிரி வேலைகளாக மாற்றினோம். அந்த வருடம் எனக்கு வந்த பரிசு, வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலைக் கன்று. இப்போது என் இடுப்பு உயரம்.

ஓடியாடுகிற விளையாட்டு ஒன்று போதும். எங்களுக்குக் கயிறு இழுத்தல், கொடவுன் கயிறே இருக்கிறது. சிமென்ட் தரையில் வேண்டாம், மண்ணில் வையுங்கள். முடியாதவர்களையும் விருப்பமில்லாதவர்களையும் இழுக்காதீர்கள். ஓய்வுபெறும் வயதில் உள்ள ஒரு சார் எதிலும் சேர மாட்டார், நான்கு வருடமாக அவர்தான் மதிப்பெண் எழுதுகிறார், அதில் ஒரு எண் தப்பினதில்லை. போட்டோ எடுத்தால் வாட்ஸ்அப்பில் போடும் முன் கேட்டுவிட்டுப் போடுங்கள், சில அக்காக்கள் வீட்டில் அதனால் பேச்சு வாங்கியிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குக் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும், சைவத்துக்குக் கடலைக் கறி. அதற்கு மேல் நான் மெனக்கெடுவதில்லை.

மதுவுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் மிஞ்சும் இல்லையா, அதை முதலில் வண்டிக்கு ஒதுக்குங்கள். நாங்கள் இரண்டு வேன் பிடிக்கிறோம். ஒன்று வண்டன்மேடு பக்கம், ஒன்று கூடலூர் வழியாகக் கம்பம். வண்டி உறுதி என்று ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டால், "நான் வரலை சார்" என்று வழக்கமாகச் சொல்கிறவர்களும் வருவார்கள். போன டிசம்பரில் எங்கள் வேனில் இருபத்தோரு பேர். லோயர் கேம்ப் வரைக்கும் அக்காக்கள் பாட்டை நிறுத்தவே இல்லை.