முழுசாக வராத ரேஸ் கேமை இப்போதே வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ரேஸ் கேம் முழுசாக வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அதற்குள் கொஞ்சம் கார், நாலைந்து ட்ராக் மட்டும் வைத்து ஒரு சின்னப் பதிப்பை விற்கிறார்கள். வாங்கலாமா, பொறுத்திருக்கலாமா?

பதில்: அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை விடுங்கள். உங்கள் காசு ஒரு தடவை போகிறதா, இரண்டு தடவை போகிறதா என்று முதலில் பாருங்கள். முடிவில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இரண்டு தடவை போகும் வகைக்கு ‘கிரான் டுரிஸ்மோ 5 புரோலாக்’ நல்ல உதாரணம். ஜப்பானில் 2007 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவில் 2008 ஏப்ரலில், 39.99 டாலருக்கு. முழு ‘கிரான் டுரிஸ்மோ 5’ 2010 நவம்பரில் 59.99 டாலருக்கு வந்தபோது புரோலாக் வாங்கியவரும் அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. கூட்டினால் ஏறக்குறைய நூறு டாலர். இந்த வகையில் ‘மீதி பிறகு வரும்’ என்ற ஆறுதலுக்கே இடமில்லை. கையில் இருப்பது மட்டும்தான் சரக்கு.

அப்படியும் அந்தச் சரக்கு மோசமில்லை. சுசுகா, ஃபூஜி, டேடோனா, லண்டன், ஐகர் மலைச்சரிவு, ஹை ஸ்பீட் ரிங் என்று ஆறு இடங்கள். அப்டேட்டுகளுக்குப் பிறகு எழுபதுக்கு மேல் கார்கள். ஒரே ரேஸில் 16 கார்கள். எல்லாக் காருக்கும் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பார்வை இருந்தது. முழு கேமில் கார்கள் ஆயிரத்தைத் தாண்டின. ஆனால் அவற்றில் ஏறக்குறைய 800 கார்கள் முந்தைய தலைமுறை கேம்களின் மாடல்கள். டாஷ்போர்டு வரை நுணுக்கமாகச் செய்தவை சுமார் 200தான். ஆக, சின்னப் பதிப்பில் இருந்த ஒவ்வொரு காரும் நன்றாகச் செய்த கார். இரவு, மழை, காருக்கு அடிபடுவது ஆகியவை மட்டும் அதில் கிடையாது.

இன்னொரு வகை ஏர்லி ஆக்சஸ்: கேமைச் செய்துகொண்டிருக்கும்போதே விற்றுவிட்டு, மீதியை அப்டேட்டுகளாகக் கொடுப்பது. ‘அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே’ 2018 செப்டம்பரில் ஒரே ஒரு காரோடும் ஒரே ஒரு ட்ராக்கோடும் விற்பனைக்கு வந்தது: லம்போர்கினி ஹுராகான் ஜிடி3, நூர்பர்க்ரிங். பிறகு அப்டேட் வர வர விலையும் படிப்படியாக ஏறியது. 2019 மே மாதம் முழுசாக வந்தபோது, முதலிலேயே வாங்கியவர் கூடுதலாக எதுவும் கொடுக்கவில்லை. கடைசி விலையைவிடக் குறைவாகவே கொடுத்திருந்தார்.

எங்கள் கணக்கு இதுதான். தனியாக விற்கும் சின்னப் பதிப்பு என்றால், முழு கேம் ஆறு மாதத்துக்குள் வருவதாக இருந்தால் வாங்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி இருந்து, ஒரே ட்ராக்கில் அரை வினாடியைக் குறைப்பதற்காக ஒரு மாலை முழுவதும் ஓட்டுகிற ஆளாகவும் நீங்கள் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். புதுப்புதுக் கார் சேர்ப்பதில்தான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால், இது இரண்டு வாரத்தில் சலித்துவிடும். ஏர்லி ஆக்சஸாக இருந்தால் கேள்வி வேறு: இன்று உள்ளதை இன்றே ஓட்டிப் பார்த்து, இந்த விலைக்குத் தகும் என்று தோன்றுகிறதா? அதற்கு விடை கண்டுபிடிக்கும் வழியை அடுத்த ஒரு பதிலில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: 20 கார், 5 ட்ராக். இது போதுமா?

பதில்: ‘அசெட்டோ கோர்சா ஈவோ’ 2025 ஜனவரியில் ஏர்லி ஆக்சஸில் வந்தபோது இந்த எண்ணிக்கையோடுதான் வந்தது, தனியாக மட்டும்தான் ஓட்ட முடியும் என்ற நிலையில். எண்ணிக்கையைவிட அவை எவ்வளவு வித்தியாசமானவை என்பதுதான் முக்கியம். முன்சக்கரம் இழுக்கும் கார் ஒன்று, பின்சக்கரம் தள்ளும் லேசான கார் ஒன்று, எஞ்சின் பின்னால் உள்ள கார் ஒன்று, வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான டயர் போட்ட ரேஸ் கார் ஒன்று. இந்த நாலும் இருந்தால் ஓட்டக் கற்க வேண்டியதில் பெரும்பகுதி வந்துவிடும். 20 காரும் 600 குதிரைத்திறன் சூப்பர் கார்களாக இருந்தால் ஐந்தாவது காருக்குள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும்.

ட்ராக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. ‘டர்ட் ராலி’ 2015 ஏப்ரலில் 17 கார், 36 ஸ்டேஜ் (ராலியில் ஓட்டும் சாலைத் துண்டு) என்று வந்தது. இடங்கள் மூன்றுதான்: மான்டி கார்லோ, வேல்ஸ், கிரீஸ். ஒவ்வொன்றிலும் சில நீண்ட சாலைகளைப் பாதியாக வெட்டி, எதிர்த்திசையிலும் ஓட விட்டதால் 36 ஆயிற்று. அப்படியிருந்தும் அது ஏமாற்றமாகப்படவில்லை. ஐஸ் படர்ந்த தார், ஈர மண், கல் நிறைந்த மலைப்பாதை என்று மூன்றும் மூன்று விதமான ஓட்டத்தைக் கேட்டன. இறக்கத்தில் ஓட்டிய வளைவை ஏற்றத்தில் ஓட்டினால் பிரேக் போடும் இடமே மாறிவிடும். ஆனால் தட்டையான சர்க்யூட்டைத் திருப்பிப்போட்டு இன்னொரு ட்ராக் என்று எண்ணினால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறார்கள். அந்த நேரத்தில் எதைப் பார்த்து முடிவெடுப்பது? என்னிடம் லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் வீல் இருக்கிறது.

பதில்: வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால், கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஏர்லி ஆக்சஸுக்கும் இதே விதிதான். மெனுவில் நிற்பது, கேமை நிறுத்திவைத்துவிட்டு எழுந்து போவது, முதல் தடவை ஷேடர் (காட்சிகளை வரையும் சின்ன நிரல்கள்) தயாராகும் வரை காத்திருப்பது எல்லாமே அந்த இரண்டு மணியில் கழியும். அதனால் வீல் சாஃப்ட்வேர், கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டையும் கேமைத் திறப்பதற்கு முன்பே அப்டேட் செய்துவிடுங்கள்.

முதல் இருபது நிமிடம் செட்டிங்கிற்கு. கிராஃபிக்ஸை மீடியத்தில் வையுங்கள். உங்கள் வீல் 900 டிகிரி சுற்றும். அதைக் கேமில் சொல்லிவிட்டு, கையில் உள்ளதைக் கால் சுற்று திருப்பும்போது திரையில் தெரியும் ஸ்டீயரிங்கும் கால் சுற்றுதான் திரும்புகிறதா என்று பாருங்கள். இங்கே பொருந்தாவிட்டால் பிறகு நீங்கள் எடுக்கும் எந்த முடிவும் சரியாக இருக்காது. பலர் ‘கார் பதற்றமாக ஓடுகிறது’ என்று கேமைத் திருப்பிக் கொடுப்பதற்கு இதுதான் காரணம். அடுத்து பெடல். காலை எடுத்த பிறகும் பிரேக் 2, 3 சதவீதம் காட்டினால், நேர்ச்சாலையில் கார் இழுபடும். அந்த அளவுக்கு மட்டும் டெட்ஸோன் (கேம் கண்டுகொள்ளாமல் விடும் அளவு) வையுங்கள். ஜி29 பிரேக்கில் உள்ளே ரப்பர் இருப்பதால் கடைசி வரை மிதிப்பது கடினம். நீங்கள் சிரமமில்லாமல் மிதிக்க முடிகிற இடம் 100 சதவீதம் என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில், அதாவது வீல் உங்கள் கைக்குத் திருப்பிக் கொடுக்கும் விசையில், இரண்டு வேலை. ஒரு நீண்ட, வேகமான வளைவில் அதன் மீட்டரைப் பாருங்கள். மேலே முட்டி அப்படியே நின்றால் டயர் சொல்லும் நுணுக்கம் எல்லாம் வெட்டுப்பட்டுப் போகிறது என்று அர்த்தம். மீட்டர் ஏறி இறங்கித் துள்ளும் வரை கெயினை (மொத்த விசையின் அளவை) ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். இரண்டாவது, மினிமம் ஃபோர்ஸ், அதாவது வீல் கொடுக்கும் மிகக் குறைந்த விசை. ஜி29 பல்சக்கரத்தில் ஓடுவது. சின்ன விசைகளை அந்தப் பல்லே விழுங்கிவிடும், நடுவில் வீல் செத்துக் கிடக்கும். பூஜ்யத்தில் ஆரம்பித்து இரண்டு இரண்டாக ஏற்றுங்கள். நேர்ச்சாலையில் வீல் தானாக இடம் வலம் ஆடத் தொடங்கினால் ஒரு படி இறக்கி நிறுத்துங்கள்.

அடுத்த நாற்பது நிமிடம் ஒரே கார், ஒரே ட்ராக். சக்தி குறைந்த, பின்சக்கரம் தள்ளும் சாலைக் கார் ஒன்றை எடுத்து, கேம் தானாகச் செய்யும் ஓட்டுநர் உதவிகளை அணைத்துவிட்டு எட்டுப் பத்து லேப் ஓட்டுங்கள். வேகமான காரில் எல்லாக் கேமும் பரபரப்பாகத்தான் இருக்கும். மெதுவான காரில்தான் டயர் கணக்கு, அதாவது டயரின் பிடியைக் கேம் கணக்கிடும் விதம், எவ்வளவு தூரம் தேறியிருக்கிறது என்று தெரியும். வளைவுக்கு முன் அழுத்தி பிரேக் போட்டு, திருப்பத் திருப்ப மெல்ல விடுங்கள். மூக்கு உள்ளே திரும்ப வேண்டும். பிரேக்கை விடாமல் திருப்பினால் கார் வெளியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் எடை முன்னும் பின்னும் மாறுவதைக் கேம் சரியாகக் கணக்கிடவில்லை. வளைவின் நடுவில் சட்டென ஆக்ஸிலேட்டரை விடுங்கள், பின்பக்கம் லேசாக வேண்டும். இரண்டாவது கியரில் சீக்கிரம் மிதியுங்கள். பின்பக்கம் விலகும்போது எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க முடிகிறதா? பிடி விடப்போகிறது என்பதை வீல் முன்கூட்டியே கைக்குச் சொல்ல வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே கோணத்தில் ஒவ்வொரு தடவையும் சுழன்றால் டயர் கணக்கு இன்னும் தேறவில்லை. முதல் லேபுக்கும் நாலாவது லேபுக்கும் பிடியில் மாற்றம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். குளிர்ந்த டயரும் சூடேறிய டயரும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது.

பிறகு அரைமணி நேரம் கம்ப்யூட்டர் ஓட்டும் கார்களோடு. நடு வரிசையிலிருந்து கிளம்பி மூன்று லேப் ரேஸ். வழக்கத்தைவிடப் பத்து மீட்டர் முன்னால் பிரேக் போடுங்கள். பின்னால் வருபவர் இடிக்கிறாரா, ஒதுங்குகிறாரா? வளைவில் பக்கத்தில் சக்கரத்தை நுழைத்துப் பாருங்கள். இடம் விடுகிறாரா, நீங்கள் இல்லாததுபோலத் தன் கோட்டிலேயே வருகிறாரா? முன்கூட்டி வரும் பதிப்புகளில் அதிகம் சொதப்புவது இந்த இடம்தான். காரும் ட்ராக்கும் பிறகு சேர்வது நிச்சயம். இது சரியாவது அவ்வளவு நிச்சயமில்லை. தனியாக ரேஸ் ஓட்டுவதற்காகவே வாங்குகிறீர்கள் என்றால், இந்த அரைமணி நேரத் தீர்ப்பே போதும்.

மீதி நேரத்தில், முழு வரிசை நிரம்பிய ரேஸில் கடைசி இடத்திலிருந்து கிளம்பிப் பாருங்கள். மழையோ இரவோ இருந்தால் போட்டுவிடுங்கள். சராசரி ஃபிரேம் கணக்கு (வினாடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) நன்றாக இருந்து, நடுநடுவே திக்கினாலும் ஓட்ட முடியாது. பிரேக் போடும் நேரத்தில் ஒரு திக்கல் வந்தால் வளைவு போயிற்று. புதிய வளைவுகளில் மட்டும் முதல் லேபில் திக்கி, இரண்டாவது லேபில் நின்றுவிட்டால் பயமில்லை. ஒவ்வொரு லேபிலும் அதே இடத்தில் திக்கினால் உங்கள் கம்ப்யூட்டருக்கு இப்போதைக்கு இந்தக் கேம் கனம். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனதும் மூடிவிட்டு முடிவெடுங்கள்.

பிளேஸ்டேஷனில் இப்படி ஓட்டிப் பார்த்துத் திருப்ப முடியாது. அந்தக் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே, கேமில் பழுது இருந்தாலொழிய, பணம் திரும்பாது.

கேள்வி: அப்டேட் வந்தால் என் சேவ், லேப் டைம், செட்டப் எல்லாம் போய்விடுமா?

பதில்: போகலாம் என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். டயர் கணக்கை மாற்றினால் பழைய லேப் டைமைப் புதியதோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதனால்தான் சில சமயம் லேப் டைம் பட்டியலையே அழித்துவிடுகிறார்கள். பழைய செட்டப் (காரின் டயர் காற்று, ஸ்பிரிங் போன்ற அமைப்பு) கோப்பு திறக்கும், ஆனால் கார் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு டீஃபால்ட் செட்டப்பில் ஐந்து லேப் ஓட்டி, டயர் காற்றழுத்தத்தை முதலில் சரிசெய்துவிட்டுப் பிறகுதான் ஸ்பிரிங், விங் பக்கம் போக வேண்டும்.

கண்ட்ரோல் அமைப்பு அழிந்துபோவதுதான் உண்மையான தொல்லை. ‘அசெட்டோ கோர்சா’, ‘அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே’ இரண்டுக்கும் டாக்குமென்ட்ஸுக்குள் கேம் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். செட்டப் எல்லாம் அதற்குள்தான். அப்டேட் போடும் முன் அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஃபோர்ஸ் ஃபீட்பேக் எண்களை மட்டும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பைப் புதிய பதிப்பு ஏற்காதபோது அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்.

கேள்வி: அதிக விலைப் பதிப்பு வாங்கினால் சில நாள் முன்னாலேயே ஆடலாமாம். அது லாபமா?

பதில்: அந்த நாட்களுக்காக மட்டும் என்றால் வேண்டாம். 2023இல் ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ பிரீமியம் பதிப்புக்காரர்களுக்கு அக்டோபர் 5இல் திறந்தது, மற்றவர்களுக்கு 10இல். ஐந்தே நாள். அந்தப் பதிப்போடு வரும் கூடுதல் கார்களை எப்படியும் பின்னால் வாங்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். இன்னொன்று, 2024 ஏப்ரல் முதல் ஸ்டீமில் இந்த முன்கூட்டிய நாட்களில் ஆடுகிற நேரமும் இரண்டு மணிக் கணக்கில் சேர்கிறது.

கேள்வி: காசே கொடுக்காமல் ருசி பார்க்க வழி உண்டா?

பதில்: சில சமயம் உண்டு. பிளேஸ்டேஷன் 4, 5 வைத்திருந்தால் 2024 டிசம்பரில் வந்த ‘மை ஃபர்ஸ்ட் கிரான் டுரிஸ்மோ’ இலவசம். 18 கார், 3 ட்ராக், லைசென்ஸ் பாடங்கள். கன்ட்ரோலரில் ஓட்டும் குழந்தைக்கு இது நிஜமாகவே நிறைய. பிரேக் எங்கே போடுவது என்பதை இதில் பழகிவிட்டால் எந்தக் கேமுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

கேள்வி: பாதியிலேயே கைவிட்டுவிட்டால் என்ன செய்வது?

பதில்: அந்த அபாயம் உண்டு. நீண்டு போவதையெல்லாம் கைவிட்டதாக எண்ணவும் வேண்டாம். ‘ரெக்ஃபெஸ்ட்’ 2014 ஜனவரியில் ஏர்லி ஆக்சஸ் தொடங்கி 2018 ஜூனில்தான் முழுசாக வந்தது; நன்றாகவே வந்தது. வரப்போவதாகச் சொல்லும் திட்டப் பட்டியலை விட்டுவிட்டு, ஏற்கெனவே வந்த அப்டேட்டுகளின் தேதிகளை எடுத்துப் பாருங்கள். இடைவெளி நீண்டுகொண்டே போய், கடைசியில் வந்ததெல்லாம் காசுக்கு விற்கும் கார்கள் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா என்பதையும் வாங்கிய அன்றே பாருங்கள். ‘கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட்’ சேவ் செய்யவே சர்வரைக் கேட்ட கேம். 2024 ஜனவரி 31இல் சர்வரை மூடியபோது, இணைப்பில்லாமலும் சேவ் ஆகும்படி ஒரு அப்டேட் கொடுத்துவிட்டுத்தான் மூடினார்கள். எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பி வாங்க முடியாது. இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கேமைத் திறந்து, ஒரு லேப் ஓட்டி, வெளியே வந்து மறுபடி திறந்து பாருங்கள். அந்த லேப் டைம் அங்கே இருக்கிறதா என்பதை வைத்து மீதியை முடிவுசெய்யலாம்.