ரோஜாக் குச்சி துளிர்த்த பிறகும் ஏன் காய்ந்துபோகிறது?

குச்சி நட்ட சில நாளில் துளிர் வருகிறது, அப்புறம் மொத்தமாகக் கருகிவிடுகிறது, என்ன காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். துளிரைப் பார்த்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நம்பி, வெயிலில் வைத்து உரமும் போட ஆரம்பித்துவிடுகிறோம். அங்கேதான் காரியம் கெடுகிறது. குச்சி தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைக் கொண்டே இலை விட்டுவிடும். வேர் வர 4 முதல் 8 வாரம்வரை ஆகலாம். அதுவரை இலை வழியாகத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், கீழிருந்து ஏற்றிக்கொடுக்க வேர் இருக்காது.

அதனால் வேர் வரும்வரை ஈரக்காற்றுதான் குச்சிக்கு உயிர். அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் குச்சிமேல் கவிழ்த்து, நல்ல வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் பாட்டிலுக்குள்ளேயே வெந்துவிடும். உள்ளே பூஞ்சை தெரிந்தால் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள்.

குச்சியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வெற்றி இருக்கிறது. பூத்து உதிர்ந்த கிளையில், பென்சில் தடிமனில் எடுங்கள். பருவம் பார்க்க ஒரு முள்ளைப் பக்கவாட்டில் அழுத்துங்கள். டக்கென்று ஒடிந்து சுத்தமான பச்சைத் தழும்பு தெரிந்தால் சரி. முள் வளைந்து கொடுத்தால் இன்னும் இளசு, அழுகிவிடும். 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டி, மேலே ஓரிரு இலை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். குறைந்தது இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போக வேண்டும்.

மண்ணுக்கு ஆற்று மணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சரிபாதி போதும். வேரில்லாத குச்சிக்கு எரு எதற்கு? தண்ணீரும் அப்படித்தான்: ஈரம் இருக்கலாம், சொதசொதப்பு கூடாது. அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

வேர் ஊக்கிப் பொடி (ஐ.பி.ஏ. என்ற வேர் தூண்டும் ஹார்மோன் கலந்தது) கிடைத்தால் வெட்டுமுனையில் லேசாகத் தொட்டு நடுங்கள், பலன் உண்டு. தேனும் இலவங்கப்பட்டைப் பொடியும் பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கலாம், ஆனால் வேரை வரவைக்கும் சரக்கு அவற்றில் இல்லை. உருளைக்கிழங்கில் குச்சியைச் செருகுகிற வித்தை வீடியோவுக்குத்தான் அழகு. கிழங்கு அழுகினால் குச்சியும் சேர்ந்து போகும்.

வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கிற ஆசையை மட்டும் அடக்குங்கள். ஓட்டை போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளரில் நட்டு, வெளியே காகிதம் சுற்றிவிடுங்கள். காகிதத்தை விலக்கினால் நிலவரம் தெரிந்துவிடும். முதலில் வெட்டுமுனையைச் சுற்றி வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாக ஒரு திரட்சி வரும். அது வேர் ஆகாது, ஆனால் நல்ல அறிகுறி. வெள்ளை நூல் மாதிரி நாலைந்து வேர் டம்ளர் சுவரைத் தொட்ட பிறகு, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, அப்புறம் தொட்டிக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, எல்லா ரகமும் ஒரே மாதிரி வேர் விடாது. கொடி ரோஜா, குட்டி ரோஜா, பழைய நாட்டு ரகங்கள் எளிதில் பிடிக்கும். பெரிய பூ விடும் ஹைபிரிட் டீ ரகங்கள் பல படுத்தும். நர்சரியில் அவற்றை வேறு ரோஜாவின் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பூங்கொத்தில் வந்த ரோஜாவில் முயன்றுகொண்டிருந்தால் அதை விட்டுவிட்டு, முதலில் ஒரு குட்டி ரோஜாவில் ஆரம்பியுங்கள்.