குழந்தை உடை தைக்கத் துடிக்கும் பெண்ணுக்கு எதற்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளிப் படிப்பை முடித்த மகள், குழந்தைகளுக்கான உடைகளைத் தானே உருவாக்கி, சொந்தப் பெயரில் ஒரு சிறு பிராண்டாக விற்கப்போவதாகச் சொல்கிறாள். அவளுடைய பெரியப்பாவோ, "முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர், தையலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். சீட்டுக்குப் பணம் போதாமல் வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஆறுதல் மட்டும் சொல்லி நிறுத்தினால் அடுத்த வாரமே பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்விடுவீர்கள். அதனால் நேராகவே சொல்கிறேன்: வீட்டை அடமானம் வைக்காதீர்கள். அந்த சீட்டுக்காகவும் வேண்டாம், நாளைக்கு அவள் தொடங்கப்போகும் பிராண்டுக்காகவும் வேண்டாம்.

பெரியப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வகுப்பில் உட்காரப்போவது அவரில்லை, தவணை கட்டப்போவதும் அவரில்லை. பிடிக்காத படிப்பில் சேர்ந்து, அரியர் மேல் அரியர் வைத்து, பாதியில் திரும்பி வரும் பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன். பட்டம் கைக்கு வராவிட்டாலும் கடனுக்கான தவணை நிற்காது.

கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். அக்கா குழந்தைக்குத் தைத்த சட்டையில் தலை நுழையவில்லை என்று, கழுத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்தாளாம், அதற்காகச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லையாம். நீங்கள் அதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடிதத்தில் முக்கியமாகப் பட்டதே அதுதான். பூப்போட்ட துணியும் அழகான ஃபிராக்கும் எல்லோருக்கும் பிடிக்கும். தைத்ததைப் பிரித்து, எங்கே தவறு என்று தேடும் பொறுமை அப்படி எல்லோருக்கும் வருவதில்லை.

அவள் முட்டி மோதியது இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கலில். பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின். பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும், ஒரு வயதில் சுமார் 46 ஆகிவிடும். கழுத்து குட்டை, தொப்பை முன்னால் தள்ளியிருக்கும், இடுப்பு என்று தனியாக ஒன்று இருக்காது. பெரியவர் சட்டையைச் சுருக்கினால் குழந்தைச் சட்டை கிடைக்காது. கைக்குழந்தை உடைகளில் தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து கிடக்கும் துணியைப் பார்த்திருப்பீர்கள். தலை நுழையும்போது அது அகலமாக விரிந்து கொடுக்கும். டயப்பர் கசிந்துவிட்டால், சட்டையைத் தலைவழியாகக் கழற்றி முகமெல்லாம் பூசாமல், தோளிலிருந்து கீழே இறக்கிவிடலாம். பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான அளவு வரைபடம், போடும் யாரோ ஒரு மாஸ்டர் உட்கார்ந்து யோசித்த யோசனை அது.

என் பரிந்துரை அந்தப் பேட்டர்ன் வேலைதான். ஃபேஷன் டிசைன், பிசினஸ் பட்டம் எல்லாவற்றையும் உறவினர்களே உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள், நான் அதற்குள் போகவில்லை. பேட்டர்ன் மேக்கிங், கிரேடிங், ஆடை உற்பத்தி ஆகியவற்றை மையமாக வைத்த டிப்ளமோ அல்லது பட்டப் படிப்பில் அவளைச் சேருங்கள். அதன்பின் ஒரு ஆடைத் தொழிற்சாலையில், மாதிரி உடைகளைத் தைத்துப் பார்க்கும் சாம்பிள் செக்‌ஷனிலோ குவாலிட்டி பிரிவிலோ இரண்டு மூன்று வருடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். பிராண்ட் அதற்குப் பிறகு.

சாம்பிள் செக்‌ஷனில் அவள் கற்கப்போவதைப் பாருங்கள். காகிதத்தில் ஒரு அளவுக்குப் பேட்டர்ன் போடுவது முதல் படி. அதை மற்ற அளவுகளுக்கு விரிப்பதுதான் கிரேடிங். ஐரோப்பாவில் குழந்தை உடைக்கு உயரத்தை வைத்தே அளவு சொல்கிறார்கள்: 80, 86, 92, 98, 104 என்று 6 செ.மீ. இடைவெளியில் போகும். ஒரே வயதுக் குழந்தைகள் இரண்டு பேர் ஒரே உயரத்தில் இருப்பதில்லை என்பதால் அது நல்ல முறை. ஆனால் உயரம் 6 செ.மீ. கூடுகிறது என்பதற்காகக் கழுத்தும் கைத்துளையும் அதே விகிதத்தில் கூடாது. எது எவ்வளவு கூடும் என்பது கைப்பழக்கத்தில் வருவது. இன்று இதைக் கணினியில்தான் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் கேட்கும் பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கும் கொஞ்சம் நிம்மதி வரும்.

அடுத்தது துணி. பின்னல் துணி துவைத்தால் சுருங்கும். 50 செ.மீ. சதுரம் குறித்து, துவைத்து, காயவைத்து அளந்தால் 47.5 இருக்கிறது என்று வையுங்கள். 5 சதவீதம் போய்விட்டது. அதைப் பேட்டர்னிலேயே சேர்க்காவிட்டால் முதல் துவைப்பிலேயே உடை கிட்டத்தட்ட ஒரு அளவு குறைந்துவிடும். கைக்குழந்தை கையில் கிடைப்பதை வாயில் வைக்கும், அதனால் சாயம் எச்சிலுக்கும் வியர்வைக்கும் கரைகிறதா என்று சோதிக்க வேண்டும். துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்றிதழில் 3 வயது வரையிலான குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, வரம்புகள் அதில்தான் மிகக் கடுமை.

பாதுகாப்பு விஷயத்தில் எந்தச் சமாதானமும் கிடையாது. ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 14682 படி, 7 வயது வரையிலான குழந்தைகளின் உடையில் தலையை மூடும் தொப்பிப் பகுதியிலும் கழுத்திலும் நாடா இருக்கக்கூடாது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. சறுக்குமரத்திலும் பேருந்துக் கதவிலும் நாடா மாட்டிக் குழந்தைகள் இறந்த பிறகு வந்த விதிகள் இவை. அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம் பட்டன், ஜிப் போன்ற பாகங்களில் ஈயத்துக்கும் வரம்பு வைத்தது. ஒழுங்கான தொழிற்சாலையில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அங்கே தைத்துக் கிடக்கும் பீஸ்களை எல்லாம் தனியே ஒதுக்கிச் சோதிப்பார்கள். வீட்டு மாடியில் தனியாகத் தைத்துக்கொண்டிருப்பவளுக்கு இந்த ஒழுங்கை யார் சொல்லித்தருவார்கள்?

இனி பணம். உங்கள் மகளும் இதைப் படிக்கட்டும்.

ஒரு ஃபிராக், ஆறு அளவு, மூன்று நிறம். இதுவே 18 வகை ஆகிவிடுகிறது. வகைக்குப் பத்து என்றால் 180 பீஸ். ஐந்து டிசைன் என்றால் 900. சிறு பிராண்டுகள் பல மூச்சுத் திணறுவது விற்காததால் மட்டுமல்ல, விற்கிற அளவு தீர்ந்து விற்காத அளவு அலமாரியில் தங்கிவிடுவதாலும்தான். அதனால் முதல் முறை இரண்டு டிசைன், நான்கு அளவு, ஒரே நிறம், அளவுக்குப் பத்து. மொத்தம் 80 பீஸ். அது முழு விலைக்கு விற்றுத் தீரும்வரை அடுத்த துணி வாங்கக்கூடாது. முதல் தொகை அவளுடைய சம்பளச் சேமிப்பிலிருந்து வரட்டும். உங்கள் நகையிலிருந்து வரக்கூடாது.

காஸ்டிங், அதாவது ஒரு உடைக்கு ஆகும் செலவுக் கணக்கு, எழுதும்போது துணி, பட்டன், வெட்டுக்கூலி, தையல்கூலி, சோதனைக் கட்டணம், பேக்கிங், கழிவு, திரும்பி வரும் பீஸ் எல்லாம் வர வேண்டும். அவளுடைய சம்பளமும் அதில் ஒரு வரி. "என் கூலியைச் சேர்க்கவில்லை, அதனால் லாபம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைகளுக்கு மொத்த விலையில் கொடுத்தால் விற்பனை விலையில் பாதிதான் கைக்கு வரும் என்று வைத்தே கணக்குப் போடட்டும். அதில் கட்டுப்படியாகாத டிசைனை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், விட்டுவிட வேண்டும். இந்தத் தொழிலில் நல்ல பக்கமும் ஒன்று உண்டு. குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கிறது. துவைத்தும் உருமாறாத உடை தந்தால், அதே அம்மா சில மாதங்களில் அடுத்த அளவுக்கு வருவார்.

பெரியப்பா இணையத்தில் தேடி, ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் படித்த ரயான் மரியோ யாசின் என்பவரை உங்களிடம் காட்டக்கூடும். குழந்தை வளர வளர விரிந்துகொடுக்கும் மடிப்பு உடைகளை உருவாக்கி, 2017-ல் ஜேம்ஸ் டைசன் விருதை பிரிட்டன் அளவில் வென்றவர். "பார், இன்ஜினியரிங் படித்துவிட்டும் செய்யலாம்" என்பார். செய்யலாம்தான். அவர் அந்தப் படிப்பில் கற்றதையே துணியில் கொண்டுவந்தார். உங்கள் மகளோ புரோகிராமிங் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அதைச் சின்னப் பெண்ணின் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சேர்வதற்கு முன் கல்லூரிகளுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். பேட்டர்ன் மேக்கிங்கும் கிரேடிங்கும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், அதில் குழந்தை உடை எவ்வளவு, பின்னல் துணி தைக்கத் தேவையான ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்கள் எத்தனை மாணவர்களுக்கு ஒன்று, தொழிற்சாலைப் பயிற்சி எத்தனை மாதம் என்று கேளுங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும். பதிலுக்குப் பதிலாக ஃபேஷன் ஷோ போட்டோ ஆல்பத்தைக் காட்டும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.