ஹீலியம்-3 குழாய்: காட்மியம் சுற்றியும் எண்ணிக்கை மாறவில்லையா?

நியூட்ரான்களை உமிழும் அமெரிசியம்-பெரிலியம் மூலத்தின் அருகே, நியூட்ரான்களை எண்ணும் ஹீலியம்-3 குழாயை வெறுமனே வைத்தால் எண்ணிக்கை சொற்பம், காட்மியத் தகடு சுற்றினாலும் அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். குழாய் பழுது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். அந்த மூலம் தருவது சராசரியாக 4 மெகா எலக்ட்ரான்வோல்ட் வேக நியூட்ரான்கள்; குழாய் நன்றாகப் பிடிப்பது மெதுவான நியூட்ரான்களை; காட்மியம் தடுப்பதோ சுமார் 0.5 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழே உள்ளவற்றைத்தான்.

நியூட்ரான்களை மெதுவாக்க, குழாயைச் சுற்றி 5 செ.மீ. பாரஃபின் மெழுகு வையுங்கள். பிறகு ஒவ்வொரு செ.மீ. ஆகக் கூட்டுங்கள், எண்ணிக்கை ஏறி, ஒரு தடிமனுக்குப் பின் இறங்கும், ஏனெனில் மெழுகின் ஹைட்ரஜனே நியூட்ரானை விழுங்கத் தொடங்கும். காட்மியம் மெழுகுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளியே சுற்றினால் மெதுவான நியூட்ரான்களை வடிகட்டாது.

துடிப்பு உயர நிறமாலையையும் (எந்த உயரத்தில் எத்தனை துடிப்புகள் என்ற வரைபடம்) பாருங்கள்: 764 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் உச்சி, சுவர் விளைவால் (வினையில் பிறக்கும் துகள் குழாய்ச் சுவரில் மோதி ஆற்றலில் ஒரு பகுதி எண்ணப்படாமல் போவதால்) 191, 573-இல் படிகள். 191-க்குக் கீழே, காமா துடிப்புகள் ஓயும் பள்ளத்தில் வெட்டுவரம்பை (அதற்குக் குறைந்த துடிப்புகளை எண்ணாமல் விடும் எல்லையை) வையுங்கள்.